அத்தி அறைக்கு வரவேண்டிய இன்ஜினியர்

இந்த ஆகஸ்டில் ஒரு வாரமாவது என் சொந்த வீட்டில் படுத்துத் தூங்கியே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது, பன்றிக் கொட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

சபதம் எடுக்க ஏற்ற இடமில்லைதான். ஆனால் எனக்கும் என் மனைவி லொரியானாவுக்கும் வேறு இடம் கிடையாது. என் அப்பா காலத்தில் அதில் பன்றிகள் இருந்தன. இப்போது வெள்ளையடித்து, ஜன்னல் வைத்து, நாங்கள் இருக்கிறோம். பன்றிகளுக்கு ஜன்னல் இல்லை. ஆனால் அவை விடிந்ததும் எழுந்து யாருக்கும் காலைப் பலகாரம் வைக்க வேண்டியதும் இல்லை.

பெரிய வீடு முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. கல் வீடு. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் கையாலேயே எழுப்பியது. எழுப்பியது என்றால், விழுந்து கிடந்ததை எழுப்பியது. அப்பா போனபோது கூரையில் பாதி வீட்டுக்குள் கிடந்தது. மாடிப்படியில் முட்செடி முளைத்திருந்தது. கல்யாணமான புதிதில் எல்லோரும் தேனிலவுக்குப் போனார்கள், நாங்கள் சுண்ணாம்புக்குப் போனோம். அவள் குழைப்பாள், நான் பூசுவேன். பூசியது சரியில்லை என்று அவள் சுரண்டுவாள், நான் மறுபடி பூசுவேன். எங்கள் தாம்பத்தியம் இன்றுவரை அப்படித்தான் போகிறது.

மாடியில் மேற்குப் பார்த்த அறையைத்தான் முதலில் முடித்தோம். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதற்குக்கூடப் பொறுமையில்லை, அப்படியே குடிபோய்விட்டோம். வெளியே நின்ற அத்திமரம் ஒரு கிளையை உள்ளே நீட்டிக் கட்டிலை எட்டிப் பார்த்தது. லொரியானா படுத்தபடியே கையை நீட்டிப் பழம் பறிப்பாள். பாதியைக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைப்பாள். கோதுமை அறுத்த குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கடைசிக் குன்றுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். "சாகுற வரைக்கும் நமக்கு இந்த ரூம்தான்" என்றாள் ஒரு நாள். நான் நம்பினேன். அப்போது எனக்கு இளம் வயது.

அடுத்த கோடையில் ஒரு ஜெர்மானியத் தம்பதி மழையில் வழி தவறி வந்து நின்றார்கள். லொரியானா பரிதாபப்பட்டு அவர்களுக்கு எங்கள் அறையைக் கொடுத்தாள். காலையில் அவர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கினார்கள். அவர்கள் கண் கலங்கியதிலிருந்து என் கண் கலங்குவது நிற்கவில்லை. மறு வருஷம் நண்பர்களை அனுப்பினார்கள். நண்பர்கள் மாமியாரை அனுப்பினார்கள். வீடு விடுதியாயிற்று. விடுதி வைத்தவனுக்கு விடுதலை கிடையாது. இப்போது நாலு போர்ஷன். ரோஸ்மேரி, ஆலிவ், திராட்சை, அத்தி. குளிர்காலத்தில் ஆள் வருவதில்லை, ஆனால் அந்த வீட்டைச் சூடாக்க ஒரு காட்டையே வெட்டிப் போடவேண்டும். ஆகவே குளிரிலும் கொட்டில்தான்.

எங்கள் அறைக்கு அவள் வைத்த பெயர் அத்தி. பொருத்தமான பெயர். அந்தக் காலத்திலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பதும் அத்தி பூத்தாற்போலத்தான். ஊருலகத்துக்கெல்லாம் சிரிப்பாள். ஹாலந்துக்காரருக்குச் சிரிப்பாள், அவருடைய நாய்க்குச் சிரிப்பாள். என் முறை வரும்போது சிரிப்பு தீர்ந்து, "நீச்சல்குளத்துல இலை மிதக்குது, அள்ளிட்டீங்களா?" என்பது மட்டும் மிச்சமிருக்கும்.

முதலில் நேர்மையாகத்தான் கேட்டேன். அவள் ஒரு தலையணையை உறைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"லொரியானா, இந்தத் தடவை மாதா திருநாள் வாரத்துல அத்தி ரூமை யாருக்கும் விடாம நாமளே இருந்தா என்ன?"

"ஏன், கொட்டில்ல என்ன குறைச்சல்?"

"குறைச்சல் ஒண்ணுமில்ல. ஒரு ஆசைதான்."

"ஆகஸ்ட்ல ஆசைப்படறவன் விடுதி நடத்தக் கூடாது. நவம்பர்ல ஆசைப்படுங்க."

"நவம்பர்ல ஆலிவ் பறிக்கணுமே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

தலையணையை ஒரு குத்து குத்தி அடுக்கில் வைத்தாள். இன்னொரு தடவை அறை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ஆனால் கன்னத்தில்.

நேர்மை பலிக்காதபோது மனிதன் நண்பனைத் தேடிப் போகிறான். என் நண்பன் வாஸ்கோ எதிர்ச் சரிவில் இருக்கிறான். ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கழுதை. கல்யாணம் ஆகாதவன். ஆகவே குடும்ப விவகாரங்களில் பெரிய நிபுணன். நான் போனபோது கழுதைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு வாரம் மேல்மாடி காலியா இருக்கணும் வாஸ்கோ. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"உன் மேல்மாடி எப்பவோ காலியாயிடுச்சேடா, நேதோ."

"விளையாடாத. அவகூட அந்த ஜன்னல்கிட்ட உக்காந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? ஒரே வீட்டுல இருக்கோம். துணி மடிக்கும்போது நாலு மூலையில ரெண்டு மூலையை நான் பிடிக்கறேன், ரெண்டு மூலையை அவ பிடிக்கறா. கிட்டக்க வர்றா, மூலையை வாங்கிக்கிட்டுப் போயிடறா. அவ்வளவுதான்டா எங்க குடித்தனம்."

வாஸ்கோ ஈ ஓட்டுவதை நிறுத்தினான். கழுதையும் என்னைப் பார்த்தது.

"சரி. யாராவது ரூமைப் பிடிச்சு வச்சுட்டு வராம இருந்துட்டா?"

"யாரு பிடிப்பாங்க?"

"மிலானோக்காரன் ஒருத்தன். இன்ஜினியர். நான் போன் பண்றேன். கடைசி வரைக்கும் வர்றேன் வர்றேன்னு சொல்லி வராம இருந்துடுவான். சாயங்காலம் ஆயிடும், படுக்கை போட்டாச்சு, சமையல் ஆயாச்சு. நீ என்ன சொல்ற? 'வீணாப் போகுதே லொரியானா, வா, நாமளே போய் உக்காருவோம்'ங்கற."

நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். வீணாவதை லொரியானா பொறுக்கமாட்டாள். பழைய ரொட்டியைக்கூடத் தக்காளியில் போட்டுச் சூப்பாக்கி, அதை ஜெர்மானியர்களைக் கெஞ்சிக் கேட்கவைப்பவள். போட்ட படுக்கையை வீணாக விடுவாளா?

அடுத்த நாள் காலை போன் வந்தது. லொரியானாவின் கை முழுக்க மாவு. முழங்கையால் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். நான் ஒன்றும் அறியாதவன்போல ஜன்னலருகே நின்று வெள்ளரிக்காய் சீவினேன்.

"வணக்கம். மிலானோவிலேர்ந்து இன்ஜினியர் பிராம்பில்லா பேசறேன்."

மூக்கால் பேசினான். வாஸ்கோ மிலானோவுக்குப் போனதே கிடையாது, ஆனால் அங்கே எல்லோரும் மூக்கால்தான் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான்.

"சொல்லுங்க இன்ஜினியர்."

"மாதா திருநாள் வாரத்துக்கு அத்தி ரூம் வேணும். எனக்கும் என் சம்சாரத்துக்கும்."

"அத்தின்னு பேர் எப்படித் தெரியும்?"

போன் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் விட்டது.

"புகழ்... புகழ் பரவியிருக்குங்க."

அந்த நேரம் பார்த்து வாஸ்கோவின் கழுதை கத்தியது. போனில் கத்தியது. எதிர்ச் சரிவிலிருந்து ஜன்னல் வழியாகவும் கத்தியது. எனக்கு இரண்டு காதிலும் கழுதை. வெள்ளரிக்காய்க்குப் பதில் விரலைச் சீவிக்கொண்டேன்.

"அது என்ன சத்தம் இன்ஜினியர்?"

"அது... டிராம் வண்டிங்க. எங்க ஊர் டிராம் இப்படித்தான் போகும்."

"பாவம். எண்ணெய் போடச் சொல்லுங்க."

"சொல்றேங்க. கொஞ்சம் லேட்டானாலும் கட்டாயம் வருவேன், ரூமை யாருக்கும் குடுத்துடாதீங்க."

லொரியானா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நாட்காட்டியில் பெயரை எழுதினாள். என் விரலுக்குக் கட்டுப் போட்டாள். "நல்ல மனுஷன் மாதிரி தெரியுது. குரல்லயே ஒரு மரியாதை" என்றாள். நான் விசிலடித்துக்கொண்டே குளத்தில் இலை அள்ளப் போனேன்.

பெண்களுக்குக் காது கூர்மை என்று சொன்னவன் யார்? என் மனைவிக்குக் கழுதைக்கும் டிராமுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது.

இரண்டு நாள் கழித்து ஆரம்பித்தது.

"ஏங்க, இன்ஜினியர் மறுபடி போன் பண்ணினார்."

"யாரு?"

"பிராம்பில்லா. ஜன்னல் கதவு கிறீச்சிடுமான்னு கேட்டார். அவருக்குச் சத்தமே ஆகாதாம். கீலை மாத்திடுங்க."

அந்தக் கீலை மாற்றச் சொல்லி அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாற்றினேன். எனக்கும் அவளுக்கும்தானே என்று நினைத்துச் சந்தோஷமாகவே மாற்றினேன். மறுநாள் இன்ஜினியருக்குக் குளியலறைக் குழாய் சொட்டக் கூடாது. அதற்கடுத்த நாள் இன்ஜினியருக்குக் கொசுவலை. பிறகு ஜன்னலருகே சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, அதற்குக் கால் வைக்க ஒரு முக்காலி. நான் செய்யச் செய்ய அந்த ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாஸ்கோவின் தோட்டத்துக்கு ஓடினேன்.

"ஏன்டா தினமும் போன் பண்ற? என் முதுகு ஒடியுது!"

"நானா? மாதா மேல சத்தியமா ஒரு தடவைதான் பண்ணேன். டிராம்னு சொன்னதுக்கு இது இன்னும் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்குது" என்று கழுதையைக் காட்டினான்.

"அப்ப அவகூடப் பேசறது யாரு?"

வாஸ்கோ தாடையைச் சொறிந்தான். "மிலானோல கல்லை விட்டெறிஞ்சா ஏதாவது ஒரு பிராம்பில்லா மண்டையிலதான் விழும்பாங்க. ஒருவேளை நிஜமாவே ஒருத்தன்..."

"ஒருத்தன்?"

"உன் பொண்டாட்டி குரல் நல்லாத்தான்டா இருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த இன்ஜினியரையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் பெற்ற பொய். எனக்குத் தெரியாமல் வளர்ந்து, வேலைக்குப் போய், என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறது! "அப்படி ஒரு ஆளே கிடையாது" என்று அவளிடம் சொல்ல முடியுமா? "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். வாயைத் திறந்தால் நான் போச்சு, மூடினால் அவள் போச்சு.

"பேசறப்ப அந்த ஆள் வேற என்ன சொல்றார்?" என்று சாதாரணமாகக் கேட்டேன். சாதாரணம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"நிறைய சொல்றார். சம்சாரத்தை வருஷம் பூரா கவனிக்க முடியல, வேலை வேலைன்னு போயிடுது, அவளை ஒரு வாரமாவது ராணி மாதிரி உக்கார வைக்கணும்னு சொல்றார்." லொரியானா போர்வையின் இரண்டு மூலைகளை என் கையில் கொடுத்தாள். "அப்படியும் ஆம்பளைங்க இருக்காங்க பாருங்க."

நான் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கிட்டே வந்தாள். மூலையை வாங்கிக்கொண்டு போனாள். சோப்பு வாசனை கொஞ்ச நேரம் இருந்தது.

அந்த நாளும் வந்தது. லொரியானா விடிகாலையிலேயே ஆலிவ் போட்டு முயல்கறி வைத்தாள். அது எனக்குப் பிடித்த கறி. இன்ஜினியருக்கும் பிடிக்குமாம். அலமாரியின் அடியிலிருந்து நீல உடுப்பை எடுத்தாள். அதைக் கடைசியாக நான் பார்த்தது அவள் அக்கா மிரெல்லாவின் கல்யாணத்தில். அதை இஸ்திரி போட்டாள்.

"அது எதுக்கு?"

"விருந்தாளி வர்ற அன்னைக்கு அழுக்கு ஏப்ரனோடயா நிப்பேன்? மிரெல்லாகூட டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கிட்டு வந்துடறேன். இன்ஜினியர் வந்தா மரியாதையா சாவியைக் குடுங்க. முறைச்சுக்கிட்டு நிக்காதீங்க."

போய்விட்டாள். நான் தனியாக நின்றேன். சில்வண்டுகள் கத்தின. வெயில் முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகர்ந்தது. யாரும் வரவில்லை. எனக்கு மெல்ல நம்பிக்கை வந்தது. யாரும் வரமாட்டார்கள். அவள் திரும்பி வருவாள், முடி வெட்டி, நீல உடுப்பில். நான் சொல்வேன், "வீணாப் போகுதே, வா."

மாடிக்குப் போனேன். கீல் கிறீச்சிடவில்லை. ஜன்னலைத் திறந்தால், அத்திக்கிளை அங்கேயேதான் நின்றது. இத்தனை வருஷம் யார் யாருக்கோ பழம் கொடுத்துக் களைத்துப்போன மாதிரி தாழ்ந்திருந்தது. கட்டிலைத் தொட்டுப் பார்த்தேன். மேசையில் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலும் இரண்டு கண்ணாடிக் குவளைகளும் வைத்தேன். பிறகு கீழே வந்து தலையை நனைத்து வாரி, சட்டை மாற்றி, வாசலில் நின்றேன். என் வயதுக்கு நெஞ்சு அப்படி அடிக்கக் கூடாது.

ஹார்ன் சத்தம் கேட்டது.

மிரெல்லாவின் பழைய கார். மிரெல்லா ஓட்டிக்கொண்டிருந்தாள். பின்கதவு திறந்தது. நீல உடுப்பு இறங்கியது. கறுப்புக் கண்ணாடி, தோள்வரை வெட்டிய முடி, கையில் ஒரு சின்னப் பெட்டி. நான் வாயைத் திறந்தேன்.

"வணக்கம்" என்றாள் லொரியானா. "நான் இன்ஜினியர் பிராம்பில்லாவோட சம்சாரம். ரூம் போட்டிருந்தோம்."

"லொரியானா..."

"பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு நமக்குள்ள பழக்கம் இல்லீங்களே."

காருக்குள் மிரெல்லா உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பார்த்தாள்.

"இன்ஜினியர்... இன்ஜினியர் எங்கே?"

"அவருக்குக் கொஞ்சம் வேலை. லேட்டானாலும் கட்டாயம் வருவேன்னு சொல்லியிருக்கார்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள். "டிராம்ல வர்றார்."

பெட்டியை என் கையில் கொடுத்தாள். நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வேறென்ன செய்ய? மாடியில் மேசையைப் பார்த்துவிட்டு ஒரு குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணு போதும். நான் தனியாத்தானே இருக்கேன்? காலையில பலகாரம் எத்தனை மணிக்கு?"

கதவு சத்தமில்லாமல் மூடியது. நான் மாட்டிய கீல்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவள் ஒரு வாரம். கீழே மூன்று போர்ஷன் நிறைய ஆட்கள். விடிகாலையில் ரொட்டிக்கு ஓடினேன். காபியைக் கருக்கினேன். துணி துவைத்தேன், வெள்ளைத் துணி ரோஜா நிறமாக வந்தது. திராட்சைப் போர்ஷன் ஜெர்மானியருக்குக் கொசு கடித்தது, ஆலிவ் போர்ஷன் பிரெஞ்சுக்காரிக்குச் சேவல் கூவியது. எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். போர்வையை மடிக்கத் தனியாக நின்றபோதுதான் தெரிந்தது, மனிதனுக்கு இரண்டு கை போதாது. ஒரு மூலையைப் பல்லில் கடித்துக்கொண்டு மடித்தேன்.

"உங்க மனைவி எங்கே?" என்று ஜெர்மானியர் விசாரித்தார்.

"ஊருக்குப் போயிருக்கா."

அவர் தலைக்குமேல் அத்தி ஜன்னலிலிருந்து லொரியானா கையசைத்தாள். அவரும் அசைத்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் வைத்தியரைக் கூப்பிடலாமா என்ற யோசனை இருந்தது.

முற்றத்தில் எந்த வேலை செய்தாலும் அந்த ஜன்னல் தெரிந்தது. சாய்நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முக்காலியில் கால். ஏதாவது படிப்பாள், இல்லாவிட்டால் சும்மா இருப்பாள். லொரியானா சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. சாயங்காலம் கையை நீட்டி அத்திப்பழம் பறிப்பாள். பாதியைக் கடிப்பாள். கொஞ்சம் யோசிப்பாள். மீதியையும் அவளே தின்பாள்.

கீழே வாளியோடு நிற்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறும். பழத்துக்காக மட்டும் அல்ல.

நடுவில் ஒரு நாள் பலகாரத் தட்டோடு கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"விடுதிக்காரன். காபி."

"வாசல்லயே வச்சுட்டுப் போங்க."

வைத்தேன். போகவில்லை.

"கோபமா?"

கதவுக்குப் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. விருந்தாளியாக நடிக்காத, எனக்குத் தெரிந்த குரல்.

"கோபம் என்ன கோபம். இந்த ஜன்னலோட கல்லை யார் தூக்கினது, ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு பேரும்தான்."

"உங்களுக்குக் கை நசுங்கிடுச்சுன்னு கீழ இறங்கிட்டீங்க. மீதியை நான்தான் தூக்கினேன். தூக்கறப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? ஒரு நாள் இங்க உக்காருவேன், யாராவது எனக்குக் காபி கொண்டுவந்து குடுப்பாங்கன்னு. அப்புறம் இந்த ரூமுக்குள்ள நான் எப்ப வந்தாலும் கையில வாளியும் துடைப்பமும்தான். ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்குன்னே மறந்துபோச்சு. எல்லாரும் பார்த்து அழறாங்க, நான் கண்ணாடியில கறை இருக்கான்னு பார்க்கறேன்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆசை எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஏங்கினால், அந்தப் பக்கமும் ஒருத்தி அதற்கே ஏங்கிக்கொண்டு தலையணை குத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்லியிருக்கலாமே. கழுதையை விட்டுச் சொல்ல வைக்கறதுக்குப் பதிலா."

"நான்தான் கேட்டேனே, ஒரு தடவை."

"ஒரு தடவை கேட்டா? நீங்க கல்யாணத்துக்கு எத்தனை தடவை கேட்டீங்க?"

விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். அதற்குள் கீழே ரோஸ்மேரி போர்ஷனில் வெந்நீர் வரவில்லை என்று கத்தினார்கள். போனேன்.

கடைசி நாள் சாயங்காலம் எல்லா வேலையையும் சீக்கிரமே முடித்தேன். முடித்தேன் என்றால், மீதியைக் கொட்டிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். குளித்தேன். சட்டை மாற்றினேன். மாடிப்படி ஏறும்போது வெயில் சாய்ந்து சுவரெல்லாம் தேன் நிறமாக இருந்தது. அந்தச் சுவர் நான் பூசி, அவள் சுரண்டி, நான் மறுபடி பூசியது. தட்டினேன்.

"யாரு?"

"இன்ஜினியர் பிராம்பில்லா."

"அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"விடுதிக்காரன்."

"விடுதிக்காரனுக்கு இந்த நேரத்துல இங்க என்ன வேலை?"

"நேதோ" என்றேன். "நான் உன்னைத் தேடறேன், லொரியானா. உன் பக்கத்துல உக்காரணும். வேற ஒண்ணும் இல்ல."

கதவு திறந்தது. அவள் சிரித்தாள். எனக்கென்றே ஒரு சிரிப்பு. ஹாலந்துக்காரரின் நாய்க்குக்கூட அப்படி ஒன்று கிடைத்திருக்காது.

"இதைச் சொல்ல ஒரு வாரமா?" என்றாள். "வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். கட்டிலின் ஓரத்தில் அவள், பக்கத்தில் நான். வெளியே குன்றுகள் அப்படியே இருந்தன. அவள் கையை நீட்டி ஒரு பழம் பறித்தாள். பாதியைக் கடித்தாள். மீதியை என் வாயில் வைத்தாள். சூடாக, வெயில் வாசனையோடு இருந்தது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. சூரியன் கடைசிக் குன்றைத் தொட இன்னும் ஒரு கையகலம் இருந்தது.

"ஒயின் ஊத்தறேன், இருங்க" என்று எழுந்தாள்.

ஒரு வாரமாக முதுகு வலி. அவள் ஊற்றும்வரை கொஞ்சம் சாய்ந்திருக்கலாமே என்று பின்னால் சாய்ந்தேன். நல்ல மெத்தை. என் பூட்ஸைக் கழற்றினேனா என்று யோசித்தேன்.

யாரோ எனக்கடியிலிருந்து துப்பட்டியை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். வெளியே குன்றுகளில் காலை வெயில். லொரியானா ஏப்ரனோடு நின்றாள், தலையில் துணி கட்டி, கையில் வாளி.

"எந்திரிங்க, எந்திரிங்க. ஹாலந்துக்காரங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. பூட்ஸோட படுத்து மெத்தையெல்லாம் மண்ணு!"

"நான்... தூங்கிட்டேனா?"

"குறட்டை சத்தத்துல கோழிகூடக் கூட்டை விட்டு ஓடிடுச்சு."

"ஒயின்?"

"நல்லா இருந்துச்சு. சூரியன் இறங்கறதும் நல்லா இருந்துச்சு." என் தலைமுடியைக் கோதி நேராக்கினாள். அந்த விரல்கள் ஒரு விநாடி அதிகமாகவே அங்கே நின்றன. எனக்குத் தைரியம் வந்தது.

"லொரியானா, அடுத்த வருஷமும் இதே வாரம் இந்த ரூமை நமக்குன்னு வச்சுக்கலாமா? நேராவே கேக்கறேன். எத்தனை தடவை வேணும்னாலும் கேக்கறேன்."

"வச்சாச்சு" என்றாள், தலையணையைக் குத்திக்கொண்டே. "எழுதியே வச்சாச்சு. ஒரு வாரம் இல்ல, ரெண்டு வாரம்."

நான் கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்தேன். "நமக்கா?"

"எனக்கும் மிரெல்லாவுக்கும். காபியை மட்டும் அடுத்த தடவை கருக்காதீங்க."